உங்கள் தைலத்தில் இருப்பது வயலா, ஆலையா? மென்தாலும் 'ஒரு கை' வேதியியலும்

நாட்டு மருந்துக் கடையில் 'புதினா உப்பு' என்று கேட்டிருக்கிறீர்களா? ஊசி ஊசியாக, கண்ணாடி மாதிரி மின்னும் படிகங்களைச் சின்னப் பொட்டலத்தில் மடித்துத் தருவார்கள். பெயரில்தான் உப்பு. உண்மையில் அது மென்தால். விக்ஸ், அமிர்தாஞ்சன், கோடாலித் தைலம், பற்பசை, இருமல் மிட்டாய், ஷேவிங் செய்தபின் போடும் லோஷன் என்று காலையிலிருந்து இரவு வரை நீங்கள் தொடும் எத்தனையோ பொருட்களில் இருக்கும் அதே 'ஜில்'.

அந்த ஜில் இரண்டு வழிகளில் உங்களிடம் வருகிறது. ஒன்று, உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி, சம்பல், ராம்பூர், பதாயூன் பக்கத்து வயல்களிலிருந்து. உலகின் இயற்கை மென்தாலில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் போகிறது; அதில் மிகப் பெரிய பங்கு உத்தரப் பிரதேசத்துடையது. இன்னொன்று, ஜப்பானிலும் ஜெர்மனியிலும் இருக்கும் ரசாயன ஆலைகளிலிருந்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்கள் நாக்குக்கும் மூக்குக்கும் வித்தியாசம் தெரியாது. மூலக்கூறு ஒன்றேதான்.

ஆனால் அந்த மூலக்கூறை ஆலையில் 'சரியாக' செய்வது மனிதர்களுக்கு நீண்ட காலம் பெரிய தலைவலியாக இருந்தது. அதைத் தீர்த்த வேதியியலாளர் 2001-ல் நோபல் வாங்கினார். அவர் தீர்த்துவைத்த கணக்கு, பாராபங்கியில் ஒரு விவசாயிக்கு ஒரு கிலோ எண்ணெய்க்கு என்ன விலை கிடைக்கும் என்பதையும் தொட்டுப் பார்க்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

மூலக்கூறுக்குக் 'கை' இருக்கிறதா?

சங்கிலிருந்து தொடங்கலாம். மன்னார் வளைகுடாவில் எடுக்கும் சங்குகள் கிட்டத்தட்ட எல்லாமே இடம்புரி. அபூர்வமாக ஒன்று வலம்புரி. அதற்குத்தான் பூஜை அறையில் தனி மரியாதை, விலையும் தலை சுற்றும். வலம்புரியும் இடம்புரியும் ஒன்றுக்கு ஒன்று கண்ணாடிப் பிம்பம். அதே ஓடு, அதே எடை, அதே வளைவு. ஆனால் எப்படித் திருப்பினாலும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. உங்கள் இடது கையும் வலது கையும் மாதிரி.

கார்பன் மூலக்கூறுகளிலும் இதே கதைதான். ஒரு கார்பன் அணுவைச் சுற்றி நான்கு வெவ்வேறு தொகுதிகள் ஒட்டியிருந்தால், அவற்றை இரண்டு விதமாக அடுக்கலாம். ஒன்று இடம்புரி, மற்றது வலம்புரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிக் 'கை' உள்ள மூலக்கூறுகளை கைரல் மூலக்கூறுகள் என்கிறார்கள்.

மென்தாலில் இப்படிப்பட்ட கார்பன்கள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்பு. இரண்டு பெருக்கல் இரண்டு பெருக்கல் இரண்டு, ஆக எட்டு வடிவங்கள். எட்டிலும் அணுக்கள் அதே எண்ணிக்கையில், அதே வரிசையில்தான் இணைந்திருக்கின்றன. ஆனால் நாம் அறிந்த அந்தக் கூர்மையான குளிர்ச்சியைத் தருவது ஒன்றே ஒன்று. அதன் கண்ணாடிப் பிம்பத்துக்குக் குளிர்ச்சி ரொம்பவே குறைவு, வாசனையும் கொஞ்சம் பழைய அலமாரி மாதிரி இருக்கும். மற்ற ஆறும் இந்த வேலைக்கு உதவாது.

ஏன் இவ்வளவு கறார்? ஏனென்றால் உங்கள் உடம்பும் ஒரு கைப் பழக்கம் உள்ளதுதான். தோலிலும் வாயிலும் இருக்கும் நரம்புகளின் நுனியில் டிஆர்பிஎம்8 என்றொரு புரதம் இருக்கிறது. வெப்பநிலை சுமார் 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது அது திறந்து 'குளிருது' என்று மூளைக்குச் சொல்லும். மென்தால் அதில் போய் உட்கார்ந்தால், வெப்பநிலை குறையாமலேயே அது திறந்துகொள்கிறது. தைலம் தடவினால் நெற்றி நிஜமாகக் குளிர்வதில்லை, குளிர்கிறது என்ற செய்தி மட்டும்தான் போகிறது. அந்தப் புரதம் முழுக்க ஒரே கை அமினோ அமிலங்களால் ஆனது. இடது கால் செருப்பில் வலது காலை நுழைத்தால் என்ன ஆகுமோ, தவறான கை மென்தாலுக்கு அங்கே அதுதான் நடக்கிறது.

செடிக்கு இது பிரச்சினையே இல்லை

புதினா இலையின் சின்னச் சுரப்பிகளுக்குள் நொதிகள் வரிசையாக வேலை செய்கின்றன. எட்டுப் படிகள். ஒவ்வொரு படியிலும் ஒரு நொதி, அதுவும் ஒரே கை. கடைசியில் வருவது பெரும்பாலும் நமக்கு வேண்டிய அந்த ஒரே வடிவம்தான். கடல் இடம்புரிச் சங்குகளையே தருவது போல.

குடுவையில் அப்படி நடப்பதில்லை. சாதாரண வேதிவினைக்கு இடது வலது தெரியாது. கைரல் கார்பன் ஒன்று உருவாகும்போது, பாதி இடம்புரி, பாதி வலம்புரி. நாணயத்தைச் சுண்டிவிடுவது மாதிரிதான். நாணயம் மூன்று முறை சுண்டப்படும்போது எட்டு வடிவங்களின் கலவை உங்கள் கையில் இருக்கும்.

இதைச் சமாளிக்க இரண்டு வழிகள். முதல் வழி: கலவையாகவே செய்து, பிறகு பிரித்தெடுப்பது. ஜெர்மனியின் ஹோல்ட்ஸ்மிண்டன் ஊரில் இருக்கும் சிம்ரைஸ் நிறுவனம், அதன் முன்னோடி நிறுவனக் காலமான 1970-களிலிருந்தே இப்படித்தான் செய்கிறது. அவர்கள் தொடங்கும் பொருள் தைமால். நம் ஊர்ப் பெயர் சொன்னால் உடனே புரியும்: ஓம உப்பு. நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்புக்குப் பக்கத்து டப்பாவில் இருப்பது. (இரண்டையும் கற்பூரத்தோடு சேர்த்து வைத்தால் தானாகவே உருகித் தண்ணீராகும் என்று உங்கள் பாட்டி செய்து காட்டியிருக்கலாம்.) ஓம உப்பில் ஹைட்ரஜனை ஏற்றினால் மென்தாலின் எட்டு வடிவங்களும் கலந்து வரும். வேண்டாத ஆறை வடித்துப் பிரிக்கிறார்கள். மிஞ்சும் இடம்புரி-வலம்புரி ஜோடியை வேறொரு சேர்மமாக மாற்றிப் படிகமாக்கும்போது, ஒரு கை மட்டும் தனியே படிகமாகிறது. வேண்டாததையெல்லாம் மறுபடியும் கலக்கி, மறுபடியும் சுற்றில் விடுகிறார்கள். வீணாவது குறைவு. ஆனால் சுற்றிச் சுற்றி வரவேண்டும். ஆலைக்கான ஓமம் வயலில் விளைவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த தைமால் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது.

இரண்டாவது வழி: ஆரம்பத்திலேயே ஒரு கையை மட்டும் உருவாக்குவது. இதைத்தான் சமச்சீரற்ற தொகுப்பு, அதாவது அசிமெட்ரிக் சிந்தெசிஸ் என்கிறார்கள். சொல்வது எளிது.

55-க்கு 45 என்ற முதல் வெற்றி

ரியோஜி நொயோரி 1938-ல் கோபே நகரில் பிறந்தவர். 1966-ல், கியோட்டோ பல்கலைக்கழகத்தில் இளம் ஆய்வாளராக இருந்தபோது, ஹிட்டோசி நொசாகியின் ஆய்வகத்தில் ஒரு சோதனை. ஒரு செம்பு அணுவைச் சுற்றிக் 'கை' உள்ள ஒரு மூலக்கூறைக் கட்டி, அதை வினையூக்கியாகப் பயன்படுத்தினார்கள். வினையூக்கிக்குக் கை இருந்தால், அது செய்யும் பொருளுக்கும் கை வருமா என்பதுதான் கேள்வி.

வந்தது. ஆனால் 10 சதவீதம்கூட இல்லை.

இந்த எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள், ஏனென்றால் இந்தத் துறையில் எல்லாமே இந்த ஒரு எண்தான். வேதியியலாளர்கள் ஒரு கையின் சதவீதத்திலிருந்து மற்றக் கையின் சதவீதத்தைக் கழிக்கிறார்கள். 50-50 என்றால் பூஜ்யம். 10 என்றால் 55-45. 80 என்றால் 90-10. 98 என்றால் 99-1. தேர்தல் முடிவில் வாக்கு வித்தியாசம் பார்ப்பது போலத்தான். நொயோரியின் 1966 சோதனையில் ஒரு கை 55-க்கும் குறைவான 'வாக்கு' வாங்கி ஜெயித்திருந்தது.

ஆலைக்கு அது ஒன்றுக்கும் உதவாது. ஆனால் ஒரு விஷயம் நிரூபணமாகிவிட்டது: மனிதன் வடிவமைத்த சின்ன மூலக்கூறு ஒன்றால், ஒரு நொதி மாதிரி, நாணயத்தை ஒரு பக்கமாகச் சாய்க்க முடியும். இரண்டு வருடம் கழித்து, 1968-ல், அமெரிக்காவின் மான்சான்டோ நிறுவனத்தில் வில்லியம் நோல்ஸ் ரோடியம் என்ற உலோகத்தை வைத்து ஹைட்ரஜன் சேர்க்கும் வினையில் 15 சதவீதம் எடுத்தார். அவர் குழு விடாமல் தொடர்ந்து, 95 சதவீதம் வரை கொண்டுபோய், 1974-ல் பார்கின்சன் நோய் மருந்தான எல்-டோபாவை ஆலை அளவில் செய்தது. எல்-டோபாவின் மற்றக் கை அந்த நோய்க்குப் பயன்படாது, பக்கவிளைவு மட்டும்தான் மிஞ்சும். அதனால் இது ருசி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, நோயாளி நடப்பது சம்பந்தப்பட்ட விஷயம்.

அதே 1974-ல் நொயோரி நகோயா பல்கலைக்கழகத்தில் ஒரு புது மூலக்கூறைச் செய்ய உட்கார்ந்தார். கூட ஹிடெமாசா டகாயா. அந்த மூலக்கூறின் பெயர் பினாப்.

பினாப் பார்க்க அழகானது. இரண்டு தட்டையான நாப்தலீன் பலகைகள் (ஆமாம், பீரோவில் போடும் அந்துருண்டையின் நாப்தலீன்தான் அடிப்படை) ஒரு பிணைப்பால் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பாஸ்பரஸ் கை. இரண்டு பலகைகளும் ஒன்றையொன்று இடிப்பதால் ஒரே தளத்தில் படுக்க முடியாது, முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்த முறுக்கு இடப்பக்கமாகவும் இருக்கலாம், வலப்பக்கமாகவும் இருக்கலாம். ஒரு தடவை ஒரு பக்கம் முறுக்கினால் மறுபக்கம் திரும்ப முடியாது. அதாவது கைரல் கார்பன் ஒன்றுகூட இல்லாமல், முறுக்கினாலேயே 'கை' வந்துவிடுகிறது. நடுவில் அந்த இரண்டு பாஸ்பரஸ் கைகளும் ஒரு ரோடியம் அணுவைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே வரும் மூலக்கூறு எந்தப் பக்கமாக நுழையலாம் என்பதை அந்த முறுக்கு தீர்மானிக்கும்.

வரைபடத்தில் இது சுலபம். கையில் செய்து எடுப்பது வேறு. அதை ஒரே கையாகச் சுத்தமாகச் செய்து, அதை வைத்து ஒரு வினையைச் சரியாக ஓட்டி, கட்டுரையாக வெளியிட 1980 ஆகிவிட்டது. ஆறு வருடம். காலாண்டு இலக்குகளில் வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு, ஆறு வருடம் ஒரே மூலக்கூறோடு உட்கார்ந்திருப்பது என்றால் என்ன என்று யோசிப்பதே கஷ்டம்.

இந்த வினையூக்கி சாய்க்க வேண்டிய தராசு எவ்வளவு சின்னது தெரியுமா? அறை வெப்பநிலையில் 99-க்கு 1 என்ற விகிதம் வர, இரண்டு பாதைகளுக்கும் இடையே தேவைப்படும் ஆற்றல் வித்தியாசம் ஒரு மோலுக்கு 3 கிலோகலோரிக்கும் குறைவு. தண்ணீர் மூலக்கூறுகளைப் பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கிறதே, அதன் வலுவில் ஏறத்தாழ பாதிதான். அந்தச் சின்ன வித்தியாசத்தை வேண்டுமென்றே, ஒவ்வொரு முறையும், உருவாக்கித் தர வேண்டும்.

பைன் மரத்திலிருந்து மென்தால்

பினாப் கைக்கு வந்ததும், ஒசாகா பல்கலைக்கழகத்தின் செய் ஒட்சுகா குழுவும் டகாசாகோ என்ற நறுமணப் பொருள் நிறுவனமும் நொயோரியோடு சேர்ந்தார்கள். இலக்கு, மென்தால்.

தொடக்கப் பொருள் டர்பன்டைன். பெயின்ட் கடையில் கிடைக்குமே, பைன் மரப் பிசினிலிருந்து வருவது, அதேதான். அதிலிருந்து மிர்சீன் என்ற பொருளைச் செய்கிறார்கள். அதோடு ஒரு அமீனைச் சேர்க்கிறார்கள். இதுவரை கை எதுவும் இல்லை. அடுத்த படிதான் உயிர்நாடி: ரோடியம்-பினாப் வினையூக்கி, அந்த மூலக்கூறில் இருக்கும் இரட்டைப் பிணைப்பை ஓர் இடம் நகர்த்துகிறது. நகர்த்தும்போது முதல் கைரல் கார்பன் பிறக்கிறது, சரியான கையோடு, 98 சதவீதத்தை ஒட்டிய துல்லியத்தில்.

இந்த எண்ணைச் செடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதிலிருந்து கிடைக்கும் அடுத்த பொருள் சிட்ரோனெல்லால். இது சிட்ரோனெல்லா புல்லின் எண்ணெயிலும் இருக்கிறது. கொசு விரட்டியில் வரும் அந்த வாசனை. புல்லிலிருந்து எடுக்கும் சிட்ரோனெல்லாலில் இந்த எண் சுமார் 80 தான். அதாவது இந்த ஒரு இடத்தில் மனிதனின் குடுவை புல்லைத் தாண்டிவிட்டது.

அதற்கப்புறம் வேலை சுலபமாகிறது. சிட்ரோனெல்லாலை துத்தநாக புரோமைடு வளையமாக மடிக்கிறது. முதல் கார்பனின் கை சரியாக அமைந்துவிட்டதால், மடியும்போது மற்ற இரண்டு கார்பன்களும் பெரும்பாலும் சரியான பக்கமே திரும்பி உட்காருகின்றன. மூன்று தடவை நாணயம் சுண்டும் அவசியமே இல்லை. முதல் நாணயத்தைச் சரியாக வைத்தால் மற்ற இரண்டும் பின்தொடர்கின்றன. குளிர வைத்துப் படிகமாக்கினால் மிச்சம் மீதி அழுக்கும் போய்விடும். கடைசியாக நிக்கல் உதவியோடு ஹைட்ரஜன் சேர்த்தால் மென்தால்.

ரோடியம் தங்கத்தைவிட விலை உயர்ந்த உலோகம். 2021 மார்ச்சில் ஒரு அவுன்ஸ் 30,000 டாலரை நெருங்கியது. அப்படிப்பட்ட உலோகத்தை வைத்துப் பற்பசைக்குப் பொருள் செய்வது எப்படிக் கட்டுப்படியாகும்? வினையூக்கி தீர்ந்துபோவதில்லை என்பதுதான் பதில். அதை மறுபடி மறுபடி எடுத்துப் பயன்படுத்தி, ஒரு வினையூக்கி மூலக்கூறை வைத்து 4 லட்சம் மூலக்கூறுகள் வரை செய்ய முடிந்தது. 1980-களின் தொடக்கத்திலேயே டகாசாகோ ஆலை ஓடத் தொடங்கிவிட்டது. ஆண்டுக்கு ஆயிரம் டன் என்ற அளவை எட்டியது.

2001-ல் நோபல். நொயோரிக்கும் நோல்ஸுக்கும் பாதி. மறுபாதி, ஆக்சிஜன் சேர்க்கும் வினைகளில் இதையே சாதித்த பேரி ஷார்ப்லெஸுக்கு. இருபது வருடம் கழித்து 2021 அக்டோபரில் ஒரு சுவாரசியம் நடந்தது. 4-ம் தேதி மருத்துவ நோபல், டேவிட் ஜூலியஸுக்கும் ஆர்டெம் படாபூட்டியனுக்கும். இருவரும் தனித்தனியே மென்தாலைப் பயன்படுத்தித்தான் அந்தக் குளிர் உணரும் புரதத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். இரண்டு நாள் கழித்து 6-ம் தேதி வேதியியல் நோபல், பெஞ்சமின் லிஸ்டுக்கும் டேவிட் மேக்மில்லனுக்கும். ரோடியம் மாதிரி உலோகமே இல்லாமல், சின்னக் கரிம மூலக்கூறுகளாலேயே கையைத் தேர்ந்தெடுக்க முடியும் என்று காட்டியதற்கு. லிஸ்ட் 2000-ல் வெளியிட்ட வேலையில் வினையூக்கி புரோலின். உங்கள் உடம்பின் புரதங்களில் இருக்கும் ஓர் அமினோ அமிலம்.

உங்கள் மாத்திரை டப்பாவில்

மென்தால் மட்டும்தானா? உங்கள் வீட்டு மருந்து டப்பாவைத் திறங்கள். செட்டிரிசின் ஒரு பட்டை இருக்கும், லெவோசெட்டிரிசின் இன்னொரு பட்டை இருக்கும். முதலாவது இரண்டு கைகளும் கலந்தது. இரண்டாவது ஒரு கை மட்டும். அதனால்தான் அதன் டோஸ் பாதி: 10 மில்லிகிராமுக்குப் பதில் 5. ஒமெப்ரசோலுக்கும் எசோமெப்ரசோலுக்கும் உள்ள உறவும் இதுதான். எசோமெப்ரசோலை ஆலையில் செய்யப் பயன்படும் வினை, டைட்டானியமும் டார்டாரிக் அமிலத்தின் ஒரு சேர்மமும் சேர்ந்த சமச்சீரற்ற ஆக்சிஜனேற்றம்.

ஆனால் 'ஒரு கை' என்றாலே இரண்டு மடங்கு நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். ஒமெப்ரசோலின் இரண்டு கைகளும் வயிற்று அமிலத்தில் கடைசியில் ஒரே பொருளாகத்தான் மாறுகின்றன. வித்தியாசம், கல்லீரல் அவற்றை எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்பதில். அமெரிக்காவில் ஒமெப்ரசோலின் காப்புரிமை முடியும் 2001-லேயே எசோமெப்ரசோல் சந்தைக்கு வந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை. அதே மாதிரி, இந்த விஷயம் வந்தாலே எல்லோரும் சொல்லும் தாலிடோமைடு கதை: 'ஒரு கை நல்லது, மறு கை கெட்டது, சரியான கையைக் கொடுத்திருந்தால் குழந்தைகள் தப்பித்திருக்கும்' என்று. அது அவ்வளவு எளிதல்ல. தாலிடோமைடின் இரண்டு கைகளும் உடம்புக்குள்ளேயே ஒன்று மற்றதாக மாறிக்கொள்ளும். சுத்தமான ஒரு கையைக் கொடுத்திருந்தாலும் காப்பாற்றியிருக்காது.

சரி, பாராபங்கிக்கு வருவோம்

மென்தால் பயிர் உலகம் சுற்றிய பயிர். இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகச் சந்தையில் சுமார் 70 சதவீதம் ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், கிடாமி வட்டாரத்தில் விளைந்தது. போருக்குப் பின் பிரேசில், பிறகு சீனா, பிறகு இந்தியா. 1950-களில் ஜப்பானியப் புதினா இங்கே வந்தது. 1960-களில் விக்ஸ் தயாரித்த ரிச்சர்ட்சன் ஹிந்துஸ்தான் நிறுவனம் இமயமலை அடிவாரத் தராய் பகுதியில் இதைப் பரப்பியது. லக்னோவில் இருக்கும் சிமாப் என்ற மத்திய ஆய்வு நிறுவனம் ஹிமாலயா, கோசி என்று அடுத்தடுத்து புது ரகங்களைக் கொடுத்தது. கிடாமியின் ஆலை 1983-ல் மூடப்பட்டது. மலிவான இறக்குமதியும் செயற்கை மென்தாலும் சேர்ந்து அதை முடித்தன. இன்று அங்கே ஒரு புதினா அருங்காட்சியகம் இருக்கிறது.

நம் ஊரில் இதைச் சட்னிக்குப் போடும் புதினாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது வேறு இனம். உருளைக்கிழங்கு அல்லது கடுகு அறுத்தபின் பிப்ரவரி, மார்ச்சில் வேர்த்துண்டுகளை நடுவார்கள். சுமார் 100 நாளில், மே கடைசி, ஜூனில், நெல்லுக்கு முன்னாடி அறுப்பு. அறுத்த செடியை வாட வைத்து, ஊருக்குள்ளேயே இருக்கும் பெரிய இரும்புத் தொட்டியில் அடைத்து, அடியில் தீ மூட்டுவார்கள். ஆவி குழாய் வழியாக வந்து குளிர்ந்து, தண்ணீர் மேல் எண்ணெயாக மிதக்கும். அந்த எண்ணெயில் 70 சதவீதத்துக்கும் மேல் மென்தால். குளிரவைத்தால் படிகம் படியும். அதுதான் நாட்டு மருந்துக் கடைப் பொட்டலம்.

இந்த எண்ணெய்க்கு ஒரு நல்ல குணம் உண்டு: கெட்டுப்போகாது. தக்காளி மாதிரி அன்றைக்கே தள்ளிவிட வேண்டியதில்லை. கேனில் ஊற்றி வீட்டு மூலையில் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணுமா, ஐந்து கிலோ விற்கலாம். கல்யாணம் என்றால் கேனோடு. வங்கிக் கணக்கு மாதிரி, ஆனால் வட்டிக்குப் பதிலாக விலை ஏற்ற இறக்கம்.

அந்த ஏற்ற இறக்கத்தில்தான் நொயோரியின் துறை உள்ளே வருகிறது. மென்தா எண்ணெய் 2005 முதல் எம்சிஎக்ஸ் சந்தையில் வர்த்தகமாகிறது, அதனால் விலை வரைபடம் யாரும் பார்க்கலாம். அதில் இரண்டு உச்சங்கள் கண்ணில் படும்.

முதலாவது 2012-ன் தொடக்கம். கிலோ 2,000 ரூபாயைத் தாண்டியது. அதே ஆண்டில்தான் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் லுட்விக்ஸ்ஹாஃபனில் தன் மென்தால் ஆலையைத் திறந்தது. அவர்களும் ரோடியத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள், பாஸ்பரஸ் கை கொண்ட வேறொரு துணை மூலக்கூறோடு. தொடக்கப் பொருள் பெட்ரோலியத்திலிருந்து செய்த சிட்ரல். பிறகு எண்ணெய் விலை சரிந்தது. இரண்டும் ஒரே ஆண்டு என்பதால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று நான் எழுத மாட்டேன். விலை ஏறிய வருடத்துக்கு அடுத்த பருவம் எல்லோரும் அதையே நடுவதும், ஊக வணிகமும், மழையும் இதில் உண்டு.

இரண்டாவது உச்சத்தில் காரணம் இன்னும் தெளிவாகத் தெரியும். 2017 அக்டோபர் 31 அன்று லுட்விக்ஸ்ஹாஃபனில் பிஏஎஸ்எஃப்பின் சிட்ரல் ஆலையில் தீ விபத்து. சிட்ரல் இல்லையென்றால் மென்தால் இல்லை. ஒப்பந்தப்படி சரக்கு தர முடியாது என்று நிறுவனம் அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் இந்தியாவில் மென்தா எண்ணெய் விலை விறுவிறுவென்று ஏறியது. வீட்டு மூலையில் கேன் வைத்திருந்த விவசாயிக்கு லாபம். ஜூனிலேயே விற்றுக் கடன் அடைத்தவருக்கு ஒன்றும் இல்லை. வழக்கமாக ஜூனில் விற்பவர் யார், டிசம்பர் வரை காத்திருக்க முடிந்தவர் யார் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஆலை நின்றால் வயலுக்கு விலை ஏறும் என்றால், ஆலை ஓடிக்கொண்டிருக்கும் சாதாரண நாட்களில் அது வயலின் விலைக்கு ஒரு கூரை போட்டு வைத்திருக்கிறது என்று அர்த்தம். பற்பசை, மிட்டாய், சிகரெட் செய்யும் பெரிய நிறுவனங்களுக்கு எண்ணெய் விலை ஓர் அளவுக்கு மேல் போனால் மாற்று கைவசம் இருக்கிறது. மே மாதம் மழை கொட்டினாலும் அந்த மாற்றின் விலை மாறாது, தரம் மாறாது.

வயலுக்கும் ஒரு மறைவான செலவு உண்டு, அதையும் சொல்லாமல் விடக்கூடாது. மென்தா கோடையில் வளரும் பயிர். கொதிக்கும் ஏப்ரல், மே மாதங்களில் திரும்பத் திரும்பத் தண்ணீர் கட்டவேண்டும், பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து. கிலோ விலையில் நிலத்தடி நீரின் விலை சேர்வதில்லை. 'இயற்கையானது' என்பதும் 'பூமிக்கு நல்லது' என்பதும் ஒன்றல்ல. ஆலைக்கும் பெட்ரோலியம், ரோடியம் என்று அதன் சொந்தக் கணக்கு இருக்கிறது.

அப்படியென்றால் 'இயற்கை மென்தால்' என்ற லேபிளுக்கு என்ன மதிப்பு?

விவசாயியின் பக்கம் மிச்சம் இருக்கும் பலம் அதுதான். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, ஒரு சுவைப்பொருளை 'இயற்கை' என்று அழைக்க வேண்டுமானால், அது தாவரம், விலங்கு, நுண்ணுயிர் போன்ற மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும். அதோடு காய்ச்சி வடித்தல் போன்ற வழிகளிலோ நொதி, நுண்ணுயிர் வழியிலோ எடுத்திருக்க வேண்டும். அந்த லேபிளுக்காகக் கூடுதல் விலை கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

மூலக்கூறு ஒன்றே என்றால், யாராவது கலப்படம் செய்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? கார்பன்-14 உதவும். பழைய ஓலைச்சுவடியின் வயதைக் கணிக்கும் அதே முறைதான். போன வருடம் வெயிலில் வளர்ந்த செடியில் கார்பன்-14 இருக்கும். கோடிக்கணக்கான வருடம் பூமிக்குள் கிடந்த பெட்ரோலியத்தில் அது சிதைந்து தீர்ந்திருக்கும். ஆக, சிட்ரல் வழியில் வந்த ஜெர்மன் மென்தாலும், தைமால் வழியில் வந்ததும் மாட்டிக்கொள்ளும். ஆனால் டர்பன்டைனிலிருந்து செய்தது? பைன் மரமும் நேற்றைய வெயிலில் வளர்ந்ததுதானே. இந்தச் சோதனையில் அது தேறிவிடும், ரோடியம் தொட்டதால் லேபிளில் 'இயற்கை' என்று மட்டும் போட முடியாது. அதைப் பிடிக்க வேறு ஐசோடோப்புகளின் விகிதத்தைப் பார்க்க வேண்டும்.

உங்கள் கையில் இருக்கும் தைல டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'மென்தால்' என்று சதவீதம் போட்டிருக்கும். வயலா ஆலையா என்பது பெரும்பாலும் இருக்காது. பாராபங்கியில் உருளைக்கிழங்கு எடுத்து முடித்த ஒருவர் பிப்ரவரியில் மொபைலில் அன்றைய எண்ணெய் விலையைப் பார்த்துவிட்டு, இந்த வருடம் எத்தனை பீகா நிலத்தில் வேர்த்துண்டு போடுவது என்று கணக்குப் போடுவார். லுட்விக்ஸ்ஹாஃபனில் ஆலை ஒழுங்காக ஓடுகிறதா என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.